கீறல் இல்லாத இலை

என் பதிவேட்டில் இருக்கும் அந்துப்பூச்சிகளில் பாதிக்கு மேலானவற்றை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் அவை தின்றுவிட்டுப் போன இலைகளைத்தான். பூச்சி ஆராய்ச்சி என்றால் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடும் மனிதர்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறார். என் பிரிவில் வலைக்கு வேலை கிடையாது. குனிந்து இலை பொறுக்கத் தெரிய வேண்டும். பொறுக்கியதை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்கப் பொறுமை வேண்டும். பூங்காவில் நாயோடு நடப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதற்கும் பழக வேண்டும்.

இலைக்கு மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் பச்சைச் சதை. சில அந்துப்பூச்சிகளின் புழுக்கள் அந்த இரண்டு தோல்களுக்கு நடுவிலேயே தின்று வளர்ந்து, பருவம் வந்ததும் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். தின்ற இடம் வெளுத்த கோடாகவோ திட்டாகவோ நிற்கும். நம் ஊர் வேளாண்மைத் துறையினர் இந்தப் பூச்சிகளை இலைத்துளைப்பான் என்பார்கள். அவை விட்டுச்செல்லும் தடத்தைக் குடைவு என்று எழுதுவது என் வழக்கம்.

நான் புளியங்குடிக்காரன். எலுமிச்சைக் கொழுந்தில் வெள்ளி நிறத்தில் வளைந்து நெளிந்து ஒரு தடம் ஓடுவதைச் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறேன். அப்பா அந்தக் கொழுந்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார். பிழைக்க லண்டனுக்கு வந்து, ஒரு மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில்தான் அந்தப் பூச்சிக்குப் பெயரிட்டவர் யாரென்று தெரிந்தது. ஹென்றி டிப்பட்ஸ் ஸ்டெயின்டன். கல்கத்தாவிலிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்து 1856-ல் விவரித்திருக்கிறார். அவர் வீடு இருந்தது தென்கிழக்கு லண்டனின் லூயிஷமில். அந்த வளாகம் இன்று மௌன்ட்ஸ்ஃபீல்ட் பூங்கா. அவர் 1855 முதல் 1873 வரை நுண் அந்துப்பூச்சிகளைப் பற்றி 13 தொகுதிகள் வெளியிட்டார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் என நான்கு மொழிகளிலும் ஒரே செய்தி அச்சாகியிருக்கும். செல்வர் வீட்டுப் பிள்ளையின் ஆடம்பரம் என்றுதான் முதலில் நினைத்தேன். எவ்வளவு தொலைவில் இருப்பவரும் தன்னைச் சரிபார்க்கலாம், மறுக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்த செயல் அது என்று இப்போது தோன்றுகிறது. இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய மரியாதை எதுவும் கிடையாது.

பிரிட்டனில் உள்ள சுமார் 2,500 அந்துப்பூச்சி இனங்களில் பெரும்பான்மை நுண் அந்துப்பூச்சிகள். அவற்றிலும் கடைக்குட்டிகள் நெப்டிகுலிடே குடும்பத்தார். இந்த நாட்டில் ஏறக்குறைய 100 இனங்கள். சிறகை விரித்தால் பெரும்பாலானவை 5, 6 மில்லிமீட்டர் இருக்கும். சுக்காங்கீரை வகை ஒன்றின் இலையைக் குடையும் ஒன்று 3, 4 மில்லிமீட்டர்தான். புழுவுக்கு உண்மையான கால்கள் கிடையாது. முட்டையின் அடிப்பக்கத்தைத் துளைத்து நேரே இலைக்குள் இறங்கிவிடும், வெளிக்காற்றே படாது.

பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் சொல்வது கடினம். ஆனால் தின்ற இலையைக் காட்டினால் பெரும்பாலும் சொல்லிவிடலாம். முதலில் மரம் என்ன மரம் என்று பார்க்க வேண்டும். அதிலேயே முக்கால் பங்கு இனங்கள் கழிந்துவிடும். முட்டை இலையின் மேலா கீழா, நரம்பை ஒட்டியா தள்ளியா? கோடு ஒடுக்கமாகத் தொடங்கி எங்கே அகலமாகிறது? எச்சம் நடுவில் மெல்லிய கோடாக ஓடுகிறதா, இரண்டு பக்கமும் சிதறியிருக்கிறதா? புழு உள்ளே இருந்தால் அதன் நிறம், தலையின் நிறம், முதுகு மேலே இருக்கத் தின்கிறதா வயிறு மேலே இருக்கத் தின்கிறதா? இத்தனை கேள்விக்கும் பதில் ஒரு இலைக்குள் எழுதப்பட்டிருக்கும். புழு போய் மாதங்கள் ஆனாலும் எழுத்து அழியாது. அதனால்தான் காலியான குடைவும் முறையான பதிவாக ஏற்கப்படுகிறது.

அந்துப்பூச்சிக்காரர்கள் பலர் விளக்குப் பொறியைத் துடைத்து உள்ளே வைக்கும் நவம்பரில்தான் எனக்குப் பருவம் தொடங்கும். ஓக் மரத்தடியில் பழுத்து விழுந்த இலைகள் கிடக்கும். எல்லாம் பழுப்பும் மஞ்சளும். ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாக, நடுநரம்பும் பக்கநரம்பும் சேரும் மூலையில், விரல்நுனி அளவுக்கு ஒரு திட்டு மட்டும் பச்சையாகவே இருக்கும். மரம் அந்த இலையைக் கைவிட்டு வாரக்கணக்காகியிருக்கும். உள்ளே இருக்கும் புழு கைவிடவில்லை.

இந்தப் பச்சைத் தீவு எப்படி நிற்கிறது என்பது நெடுங்காலப் புதிர். இலை முதுமையடையாமல் தடுக்கும் சைட்டோகைனின் என்ற சுரப்பு அந்தத் திட்டில் மிகுந்திருப்பதை 1969-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2010-ல் பிரான்சில் ஆப்பிள் இலையைக் குடையும் வேறொரு குடும்பத்துப் பூச்சியை வைத்துச் சோதித்தபோது விஷயம் இன்னும் விசித்திரமாயிற்று. பூச்சிக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தார்கள். அதன் உடலுக்குள் குடியிருந்த வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஒழிந்தது. அதன் பிள்ளைகளால் பச்சைத் தீவை உண்டாக்க முடியவில்லை. மரத்தின் இலைக்குள் புழு, புழுவுக்குள் பாக்டீரியா. இலையைப் பச்சையாக வைத்திருப்பதில் அந்த மூன்றாம் ஆளுக்கும் பங்கு. நான் பொறுக்கும் ஓக் இலைப் புழுக்களில் யார் யார் இப்படிச் செய்கிறார்கள் என்பது தனிக் கேள்வி. ஆனால் அந்தச் சோதனையைப் படித்த பிறகு பச்சைத் திட்டை வெறும் அடையாளக் குறியாகப் பார்க்க முடியவில்லை.

தென் இங்கிலாந்தில், ஓக் மரத்தடியில், நவம்பரில், நரம்பு மூலையில் பச்சைத் திட்டு கண்டால் அது பெரும்பாலும் எக்டோடேமியா சப்பிமாகுலெல்லா. சாதாரணம். பை நிறையப் பொறுக்கலாம். அதற்கு உடன்பிறப்பு போல ஒரு இனம் உண்டு, எக்டோடேமியா ஹெரிங்கி. அதே மரம், அதே மூலை, அதே பருவம். ஆனால் தெற்கில் ஆங்காங்கே மட்டும் கிடைப்பது. போலந்தைச் சேர்ந்த செர்கியுஸ் டோல் 1934-ல் விவரித்த இனம். பெர்லின் அருங்காட்சியகத்தில் வாழ்நாளெல்லாம் இலைக்குடைவுகளையே ஆராய்ந்த எரிக் மார்ட்டின் ஹெரிங்கின் பெயரைத் தாங்கியது. ஐரோப்பாவின் குடைவுகளை அடையாளம் காண 1957-ல் அவர் வெளியிட்ட அட்டவணைத் தொகுதிகள் இன்றும் எங்கள் பலரின் அலமாரியில் உண்டு.

இரண்டையும் பிரிப்பது ஒரு கீறல். சப்பிமாகுலெல்லாவின் புழு குடைவின் அடித்தோலில் ஒரு பிளவு போட்டுக்கொள்ளும். எச்சத்தின் ஒரு பகுதி அதன் வழியே வெளியே போய்விடும். ஹெரிங்கி கீறல் போடுவதில்லை. எச்சமெல்லாம் உள்ளேயே மிளகுத்தூள் கொட்டியதுபோல் தேங்கிக் கிடக்கும். இலையைப் புரட்டினால் கீறல் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்வது எளிது. ஹெரிங்கியின் அடையாளம் ஒரு இல்லாமை, இங்குதான் தொல்லை. இருப்பதைக் காட்டிவிடலாம். இல்லாததை எப்படிக் காட்டுவது? முற்றாத குடைவில் கீறல் இன்னும் விழாமல் இருக்கலாம். நனைந்து ஒட்டிய இலையில் கீறலின் இரண்டு உதடும் சேர்ந்துகொண்டு பத்து மடங்கு லென்ஸுக்கும் தெரியாமல் போகலாம். அடித்தோல் அழுகிக் கிழிந்திருந்தால் அதுவே கீறல் போலத் தோன்றும். இது போதாதென்று ஆல்பிஃபேசியெல்லா என்று இன்னொரு உறவுக்காரர் உண்டு. அவரும் கீறல் போடமாட்டார். ஆனால் அவர் பருவம் முந்தியது, திட்டும் நடுநரம்பு மூலையை விட்டுத் தள்ளி நிற்கும். நவம்பர் வரை காத்திருப்பதில் உள்ள வசதி, அவர் அதற்குள் போயிருப்பார்.

சர்ரேயின் வடபகுதியில் ஓர் ஊர்ப் பொதுநிலம்; நான் பல ஆண்டுகளாக இலை பொறுக்கும் இடம். ஓர் இலையுதிர்காலத்தில் அங்கே வேலி ஓரமாகத் தனியே நின்ற ஓக் மரத்தடியில் பொறுக்கிய இலைகளை மாலையில் வீட்டு மேசையில் பரப்பினேன். வழக்கம்போல் கீறல், கீறல், கீறல். பிறகு ஒன்றில் இல்லை. எச்சம் அடர்த்தியாக, குடைவின் அடிப்பகுதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. புழு முற்றியிருந்தது. இலையின் அடிப்பக்கத்தைத் துணியால் ஒற்றி உலர்த்தி, சாய்த்த விளக்கொளியில் மெல்ல வளைத்துப் பார்த்தேன். கீறல் இருந்தால் வளைக்கும்போது வாய் திறக்கும். திறக்கவில்லை. அடுத்த இலைகளில் இன்னும் சில அப்படியே கிடைத்தன.

அன்று இரவே பெயரை எழுதி அனுப்பியிருக்கலாம். பலர் அப்படித்தான் அனுப்புகிறார்கள். தப்பென்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அரிதான இனம் என்றால், சாதாரண இனமாக இருக்கக்கூடிய எல்லா வழியையும் முதலில் அடைத்துவிட வேண்டும் என்பது பரிசோதனைக்கூடத்தில் படிந்த புத்தி. அங்கே ஒரு திசுத்துண்டில் நோய் இல்லை என்று எழுதுவதற்கு முன் எத்தனை வெட்டுகளைப் பார்த்தோம் என்பதையும் எழுதுவோம். இலைக்கும் அதே நியாயம்தான். கீறல் உள்ளவை, இல்லாதவை, முடிவு சொல்ல முடியாதவை என்று மூன்று தட்டாகப் பிரித்தேன். மூன்றாவது தட்டுதான் எப்போதும் பெரிது. அதைக் குறிப்பில் எழுதாதவரின் முதல் இரண்டு தட்டுகளை நான் நம்புவதில்லை.

புழுவை வளர்த்துப் பூச்சியாக்குவது அடுத்த வேலை. மூடியில் வலைத்துணி கட்டிய டப்பாவில் கொஞ்சம் ஈரப்பாசி, அதன்மேல் இலைகள். புழு தானே வெளியேறிப் பாசிக்குள் சிறு கூடு கட்டிக்கொள்ளும். டப்பாவைக் குளிரில்தான் வைக்க வேண்டும். வீட்டுச் சூட்டில் வைத்தால் காய்ந்து சாகும், அதிகம் நனைத்தால் பூஞ்சை பிடிக்கும். கொட்டகையின் வடக்குச் சுவரோரம் வைத்தேன். என் மனைவி கேட்டாள், "என்னங்க, பூந்தொட்டி வைக்க இடமில்லைங்கிறீங்க, குப்பையை மட்டும் வரிசையா அடுக்குறீங்க?" நியாயமான கேள்வி. வசந்தத்தில் டப்பாவைத் திறந்தால் வழக்கமாக முதலில் வருவது அந்துப்பூச்சி அல்ல, ஒட்டுண்ணிக் குளவி. உலோகப் பச்சையில் மின்னிக்கொண்டு, புழுவைத் தின்று தீர்த்த திருப்தியோடு நடந்து வரும். எத்தனையோ நல்ல பதிவுகள் அதன் வயிற்றில் முடிந்திருக்கின்றன. குளவியையும் சிட்டை எழுதி வைத்துக்கொள்வேன். அதற்கும் ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள்.

மே மாதத்தில் பூச்சி வந்தது. கருஞ்சிறகில் வெளிறிய புள்ளிகள், தலையில் செம்மயிர்க் கொத்து, கண்ணை மூடும் குடைபோல் விரிந்த உணர்கொம்பின் அடிக்கணு. அழகுதான், ஆனால் அந்த அழகை வைத்துச் சப்பிமாகுலெல்லாவிலிருந்து பிரித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். வயிற்றைத் தனியே எடுத்து, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி, சதையைக் கரைத்து, செதில்களை மயிர்த்தூரிகையால் நீக்கி, சாயமேற்றி, ஸ்லைடில் பதிக்க வேண்டும். முழு உறுப்பும் ஒரு மில்லிமீட்டரின் பின்னம். மூச்சை அடக்கிக்கொண்டு செய்யும் வேலை. ஓய்வு பெற்ற திசுக்கூட ஊழியனுக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு அமைவது கடினம். நூல்களின் வரைபடத்தோடு ஒப்பிட்டேன். ஹெரிங்கிதான்.

மரபணுவைப் பார்த்துவிட்டால் தீர்ந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. லைடனைச் சேர்ந்த எரிக் வான் நியூகெர்கனும் கூட்டாளிகளும் இந்த எக்டோடேமியா உட்பிரிவையே எடுத்துக்கொண்டு 2012-ல் வெளியிட்ட ஆய்வில், மிக நெருங்கிய இனங்களைப் பிரிக்க ஒரு மரபணுவைவிட இரண்டு நல்லது என்றார்கள். அங்கேயும் ஒற்றைச் சாட்சி போதவில்லை.

இனிப் பதிவு. யார், எங்கே, எப்போது, என்ன என்ற நான்கும் இல்லாவிட்டால் எவ்வளவு அரிய பூச்சியும் வெறும் நினைவுதான். எங்கே என்பதற்கு வரைபடக் கட்ட எண். ஆறு இலக்கம் கொடுத்தால் 100 மீட்டர் சதுரம், எட்டு கொடுத்தால் 10 மீட்டர். தனி மரத்துக்கு எட்டு கொடுப்பேன். எப்போது என்பதில் புதியவர்கள் இடறுவார்கள். நவம்பரில் புழுவாக எடுத்ததை மே மாதத்தில் பூச்சியாகக் கண்டால், பதிவுத் தேதி நவம்பர்தான். என் கொட்டகையில் அது எப்போது சிறகு விரித்தது என்பது என் டப்பாவின் வரலாறு, பூச்சியின் வரலாறு அல்ல. அதைக் குறிப்பில் சேர்க்கலாம்.

பிறகு அது எந்த மாவட்டம்? 1852-ல் ஹியூவெட் காட்ரெல் வாட்சன் என்ற தாவரவியலாளர் பிரிட்டனை 112 பகுதிகளாகப் பிரித்து வைத்தார். அரசாங்கம் எத்தனை முறை எல்லையை மாற்றினாலும் உயிரினப் பதிவுக்கு அவருடைய எல்லைதான். 1965-ல் பெருநகர் லண்டன் விழுங்கிக்கொண்ட விம்பிள்டன் எங்கள் கணக்கில் இன்றும் சர்ரே, பகுதி எண் 17. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நான் வாட்சனின் சர்ரேக்குள்தான் நடக்கிறேன். விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் நூறாண்டுப் பதிவையும் நேற்றைய பதிவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிவது அந்தப் பிடிவாதத்தால்தான்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஊதியமில்லாத ஒரு பதிவாளர் உண்டு. அவர் ஏற்றால்தான் 2007-ல் தொடங்கிய தேசிய அந்துப்பூச்சிப் பதிவுத் திட்டத்துக்குப் பதிவு போய்ச் சேரும். எங்கள் பதிவாளரிடம் படம், இலைகள், ஸ்லைடு மூன்றையும் கொடுத்தேன். வாழ்த்துச் சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டார். ஸ்லைடில் உள்ள பூச்சி கீறல் இல்லாத இலையிலிருந்து வந்ததுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? தனித்தனி டப்பாவில் வைத்தீர்களா? அதே மரத்தடியில் சப்பிமாகுலெல்லாவும் இருந்ததா? தனி டப்பாதான், சிட்டையும் அதன்மேல்தான், சப்பிமாகுலெல்லாவும் இருந்தது என்றேன். "அதையும் தனிப் பதிவாக அனுப்புங்கள்" என்றார். சாதாரணமானதை அனுப்பாமல் அரியதை மட்டும் அனுப்பும் பழக்கத்தை அவர் வெறுப்பவர். நானும்தான்.

தங்கை மகன் ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தபோது சொன்னான், "மாமா, போட்டோ எடுத்து ஆப்ல போட்டா ரெண்டு செகண்ட்ல பேர் சொல்லிடும்." போட்டுப் பார்த்தோம். சொன்னது, சப்பிமாகுலெல்லா என்று. இலையின் மேற்பக்கத்தை மட்டும் பார்த்து நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். "புரட்டச் சொல்லி அது கேட்டுச்சாடா?" என்றேன். கேட்கவில்லை. கருவியைக் குறை சொல்ல மாட்டேன். கொடுத்ததை வைத்துச் சொன்னது. கீழ்ப்பக்கத்தைக் கேட்காத எவரும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, மனிதரோ இயந்திரமோ.

ஹெரிங்கி அரிதா, அல்லது நவம்பரில் இலை புரட்டுகிறவர்கள் அரிதா? பரவல் வரைபடத்தில் புள்ளிகள் திரண்டிருக்கும் இடங்களைப் பார்த்தால் எனக்குப் பூச்சிகள் தெரிவதில்லை, மனிதர்கள் தெரிகிறார்கள். மெய்ட்லண்ட் எம்மெட் பள்ளி ஆசிரியர். ஓய்வுக்காலத்தை எசெக்ஸின் சாஃப்ரன் வால்டனில் கழித்தவர். பிரிட்டனின் நெப்டிகுலிடே குடும்பத்துக்கான அத்தியாயத்தை 1976-ல் எழுதியவர் அவர்தான். 1981-ல் எசெக்ஸின் சிறு அந்துப்பூச்சிகளைப் பற்றித் தனி நூலும் போட்டார். அப்படி ஒருவர் வாழ்ந்த மாவட்டத்தையும், அப்படி ஒருவர் வாய்க்காத மாவட்டத்தையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. தமிழ்நாட்டில் நமக்கு நன்றாகத் தெரிந்த இலைத்துளைப்பான்கள் எவை? எலுமிச்சையில் கை வைத்தது, நிலக்கடலையில் கை வைத்த சுருள் பூச்சி. விவசாயியின் பணத்தைத் தின்றவை பெயர் பெற்றன. வேலியோரச் செடியைத் தின்பவை அரிதா மலிவா என்று பேசவே முதலில் வேலியோரம் யாராவது குனிய வேண்டும்.

அந்த மரத்தடிக்கு வருவோம். 1980-களில் மாசிடோனியாவில் கண்டறியப்பட்ட ஒரு குதிரைச்செஸ்நட் இலைத்துளைப்பான் 2002-ல் விம்பிள்டனில் தென்பட்டு, பிறகு நாடெங்கும் பரவிவிட்டது. அதன் கூட்டுப்புழு விழுந்த இலைக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கும். ஆகவே இலையை வாரி அகற்றுங்கள் என்று எல்லாப் பூங்காக்காரர்களுக்கும் அறிவுரை. அறிவுரை சரி. ஆனால் வாரும் இயந்திரத்துக்குச் செஸ்நட் இலையும் ஓக் இலையும் ஒன்றுதான். பச்சைத் திட்டுகளோடு கிடக்கும் இலைகள் புழுவோடு உரக்கிடங்குக்குப் போய்விடும். பொதுநிலத்தைப் பராமரிக்கும் மேற்பார்வையாளரிடம் வேலியோர ஓக் மரத்தடியை டிசம்பர் வரை விட்டுவைக்கும்படி கேட்டேன்.

"அதிலும் இலைப்புழுதானே இருக்கிறது?"

"ஆமாம்."

"ஒன்றைக் கொல்ல வாரச் சொல்கிறீர்கள், இன்னொன்றைக் காக்க வாராதே என்கிறீர்கள்."

"ஆமாம்."

அவர் சிறிது நேரம் மரத்தைப் பார்த்தார். பாதையில் விழுவது வழுக்கும், அதை வாரித்தான் ஆக வேண்டும், வேலிப்பக்கம் விழுவதைத் தொடவில்லை என்றார். எந்த மரம் என்று அடையாளம் வைக்கச் சொன்னார். எட்டு இலக்கக் கட்ட எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, ஒரு சிவப்பு நாடா கட்டினால் போதும் என்றார்.